பீட் நிலத்துக்கு மண்புழு: தானாக வரட்டுமா, நாமே கொண்டுபோய் விடலாமா?

அயர்லாந்தின் நடுப்பகுதியில், ஆஃபலி, கில்டேர் பக்கம், பீட் வெட்டி முடித்த நிலங்கள் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கிடக்கின்றன. நீர் தேங்கிய சதுப்பில் ஸ்பேக்னம் பாசி மட்க முடியாமல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது பீட். ஒரு மீட்டர் சேர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பிடிக்கும். 1946-இல் தொடங்கப்பட்ட போர்ட் நா மோனா என்ற அரசு நிறுவனம் இந்தச் சதுப்புகளில் வடிகால் வெட்டி, உலர்த்தி, மேற்பரப்பை எந்திரத்தால் ஆண்டுதோறும் சுரண்டி மின் நிலையங்களுக்கும் வீட்டு அடுப்புகளுக்கும் அனுப்பியது. 2021 ஜனவரியில் பீட் வெட்டுவதை முழுவதுமாக நிறுத்திவிட்டதாக அறிவித்தது. வெட்டி முடித்த நிலத்தில் ஒரு பகுதியைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மேய்ச்சல் புல்வெளியாக மாற்றியிருந்தார்கள்.

புல் வந்துவிட்டது. மண்புழு வரவில்லை. அங்கே விவசாயிகளுக்கு இருக்கும் சிக்கல் இதுதான்.

சிக்கலைக் கண்ணால் பார்க்க ஒரு மண்வெட்டி போதும். பக்கத்திலுள்ள பழைய சுண்ணாம்புப் பாறை மண்ணில் ஒரு பாளம் தோண்டிப் புரட்டினால் மண் கையில் உதிரும். பக்கவாட்டில் பென்சில் பருமனுக்குப் புழை தெரியும், வேர் அந்தப் புழை வழியே இறங்கியிருக்கும். புதிதாகத் திருத்திய பீட் நிலத்தில் தோண்டினால் வேறு காட்சி. மேலே செத்த புல்லும் வேரும் பின்னிக்கொண்டு கம்பளி போல ஓர் அடுக்கு கிடக்கும், அதை விரலால் பிய்க்கவே பலம் வேண்டும். அதற்குக் கீழே பீட் கறுப்பாக, புழை எதுவும் இல்லாமல் இருக்கும். போன கோடையில் மாடு போட்ட சாணி, காய்ந்த வறட்டியாக அங்கேயே கிடக்கும். அதை இழுத்துக்கொண்டு போய் மண்ணில் சேர்க்க ஆள் இல்லை.

இயற்கையான மேட்டுச் சதுப்பில் மண்புழு இல்லாததில் வியப்பில்லை. பாசிப் பீட்டின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4 அளவில்தான் இருக்கும், ஆண்டு முழுக்க நீர் நிற்கும், காற்று கிடையாது. பெரும்பாலான மண்புழு இனங்கள் 4.5-க்குக் கீழே தங்காது. ஆகவே நிலத்தைத் திருத்தும்போது உள்ளேயே உறங்கிக் கிடந்த புழு என்று ஒன்றும் இருக்காது. எல்லாமே வெளியிலிருந்து வர வேண்டும். அது எப்படி வரும் என்பதில்தான் தேர்வு இருக்கிறது. சும்மா இருந்து காத்திருக்கலாம். புழு உள்ள நிலத்திலிருந்து புல்பாளம் பெயர்த்து வைக்கலாம். புழுவைப் பிடித்து வந்து விடலாம். பையில் வளர்த்துக் கொண்டுபோய் இறக்கலாம். எதுவும் வேண்டாம் என்று நிலத்தை மறுபடி சதுப்பாகவும் விடலாம். கடைசி வழியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் பீட் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்

மண்புழு நல்லது, ஆகவே எங்கும் வேண்டும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பீட்டில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பீட் என்பது மட்காமல் தங்கிய கரிமம் (கார்பன்). வடித்த உடனே காற்று புகுந்து அது மட்கத் தொடங்குகிறது. மிதவெப்ப நாடுகளில் வடிகால் வெட்டிய, சத்துக் குறைந்த பீட் புல்வெளிக்கு ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. தரும் பொது மதிப்பு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 5.3 டன் கரிமம், அதாவது 19 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. இதோடு நிலமும் இறங்கும். இங்கிலாந்தின் ஹோம் என்ற ஊரில் 1850-களின் தொடக்கத்தில் ஓர் இரும்புக் கம்பத்தை, அதன் தலை தரையோடு தரையாக இருக்கும்படி, பீட்டில் இறக்கினார்கள். பக்கத்து ஏரியை வடித்து வயலாக்கியபின் பீட் சுருங்கியும் மட்கியும் போனது. அந்தக் கம்பம் இன்று தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் நிற்கிறது.

இங்கே மண்புழுவின் வேலை மட்குவதை விரைவுபடுத்துவது. 2013-இல் லப்பர்ஸும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மண்புழு உள்ள மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு சராசரியாக 42 சதவீதமும் கார்பன் டை ஆக்சைடு 33 சதவீதமும் கூடுதலாக வெளியேறியது தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஆய்வகத்தில், குறுகிய காலத்தில் செய்தவை. மண்ணில் தங்கியிருக்கும் மொத்தக் கரிமம் குறைந்ததாகவும் அந்தத் தொகுப்பு காட்டவில்லை. ஆனால் ஒன்றரை மீட்டர் பீட் இன்னும் மிச்சம் இருக்கும் நிலத்தில், பம்பு வைத்து நீரை இறைத்துக்கொண்டே, அதன் மேல் மட்க வைக்கும் உயிரையும் கொண்டுபோய் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே வடிகாலை அடைத்து நீரை ஏற்றிவிடலாம். கொஞ்சம் மீத்தேன் வரும், அதையும் சேர்த்துப் பார்த்தாலும் நீண்ட நாளில் அதுதான் குறைந்த இழப்பு. போர்ட் நா மோனாவே அயர்லாந்து அரசின் நிதியோடு சுமார் 33,000 ஹெக்டேரை இப்படிச் சீரமைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-இல் நடைமுறைக்கு வந்த இயற்கை மீட்புச் சட்டமும், வேளாண்மைக்காக வடித்த பீட் நிலத்தில் 30 சதவீதத்துக்கு 2030-க்குள் மீட்பு நடவடிக்கை வேண்டும், அதில் குறைந்தது நாலில் ஒரு பங்கை மறுபடி நனைக்க வேண்டும் என்கிறது.

சரி, பீட் மெல்லியதாக இருந்தால்? முழங்கால் ஆழத்துக்கும் குறைவாக, அதற்கடியில் சுண்ணாம்புப் பாறைப் படிவோ பழைய ஏரியடி வெள்ளைச் சுண்ணாம்புச் சேறோ இருந்தால், பம்பு இல்லாமல் நீர் தானாக வடிந்தால், அந்த நிலம் மேய்ச்சலாகவே தொடரும். தொடர்வதென்றால் அது நல்ல மண்ணாக மாறுவதே மேல். புழை வழியே நீர் இறங்கும், வேர் ஆழம் போகும், மேலே கிடக்கும் கம்பளி அடுக்கு கரையும், சாணி மண்ணுக்குள் போகும். மண்புழுவைப் பற்றிப் பேச வேண்டியது இந்த நிலத்துக்குத்தான். இந்த அடிப்பீட்டில் இன்னொரு வசதி உண்டு. சதுப்பு தொடங்கிய காலத்து நாணலும் மரமும் மட்கியது அது, பாசி அல்ல. மேலடுக்குப் பீட்டை விட அதில் அமிலம் குறைவு.

எந்த வழியானாலும் முன்வேலை ஒன்றுதான்

புழுவைத் தேடும் முன் நிலத்தைத் தயார் செய்ய வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே புழுவுக்குப் போகிறவர்கள் பணத்தையும் புழுவையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

அயர்லாந்தின் வேளாண் ஆலோசனை அமைப்பான டீகாஸ்க், பீட் நிலத்தில் புல்லுக்கு பி.எச். 5.5 முதல் 5.8 வரை போதும் என்கிறது. சாதாரண மண்ணைப் போல 6.3-க்கு ஏற்ற வேண்டியதில்லை. ஒரே தடவையில் ஹெக்டேருக்கு 7.5 டன்னுக்கு மேல் சுண்ணாம்பு இட வேண்டாம், மேலும் தேவைப்பட்டால் இடைவெளி விட்டு இட வேண்டும். புழுவுக்கும் இந்த அளவே நன்றாகப் பொருந்தும்.

அடுத்தது தீனி. பீட் முழுக்கக் கரிமம்தானே, அதையே தின்னட்டும் என்று தோன்றும். பழைய பீட்டில் நைட்ரஜன் குறைவு, மட்கக்கூடியது எப்போதோ மட்கிவிட்டது, மிச்சம் இருப்பது செரிக்க முடியாதது. புழு வளர்வது பெரும்பாலும் சாணியிலும், செத்த புல்லிலும், குளோவர் இலையிலும்தான். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜே.பி. கரியும் போல்ஜரும் 1984-இல், திருத்திய பீட் மண்ணில் லும்ப்ரிகஸ் டெரெஸ்ட்ரிஸ் என்ற பெரிய புழு எப்படி வளர்கிறது, எவ்வளவு சருகும் மண்ணும் தின்கிறது என்பதையே தனி ஆய்வாகச் செய்தார்கள். ஆகவே மாடு மேயும் நிலம் புழுவுக்கு நல்லது. சாணிக்கரைசலும் அளவாகத் தெளித்தால் நல்லதே. ஒரேயடியாகக் கொட்டினால் அதிலுள்ள அம்மோனியாவும் உப்பும் மேல்மண்ணில் இருக்கும் புழுவைக் கொன்றுவிடும். பன்றிப் பண்ணைக் கரைசலில் இன்னும் கவனம் வேண்டும்.

அப்புறம் நீர்மட்டம். குளிர்காலத்தில் நீர் தரையிலிருந்து ஒரு சாண் ஆழத்துக்கு ஏறிவிட்டால், மேல்மண்ணில் வாழும் சிறு புழு தப்பிக்கும், ஆழத் துளைக்கும் புழுவுக்கு இடம் இருக்காது.

காத்திருப்பது

இதற்குக் காசு செலவில்லை, ஆபத்தும் இல்லை. ஆனால் மண்புழு நடக்கும் வேகத்தைப் பாருங்கள். நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களிலும் நெதர்லாந்தில் கடலிலிருந்து மீட்ட போல்டர் நிலங்களிலும் அளந்தவர்கள் கண்டது, ஒரு கூட்டம் ஆண்டுக்கு நகர்வது சுமார் 5 முதல் 10 மீட்டர். ஆழத் துளைக்கும் டெரெஸ்ட்ரிஸ் அதை விடவும் மெதுவானது. உங்கள் வயல் 200 மீட்டர் அகலம், ஒரு வரப்பில் மட்டும் புழு இருக்கிறது என்றால் மறு வரப்பை எட்ட 20 முதல் 40 ஆண்டு. நாலு பக்கமும் நல்ல நிலம் இருந்தால் நடுவில் சேர அதில் பாதி. நூற்றுக்கணக்கான ஹெக்டேர் பீட்டுக்கு நடுவே தீவு போல இருக்கும் வயலுக்கு இந்தக் கணக்கே உதவாது.

இதில் ஒரு திருத்தம் உண்டு. டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிய மண், மாட்டுக் குளம்பு, வாய்க்கால் நீர் எல்லாம் முட்டைக்கூட்டைத் தூக்கிச் செல்லும். லும்ப்ரிகஸ் ரூபெல்லஸ் என்ற சிவப்புப் புழு அமிலத்தையும் ஓரளவு தாங்கும், மேற்பரப்பிலேயே வாழும், ஆகவே அது முந்திக்கொண்டு வந்துவிடும். சாணிக்கடியில் ஒன்றிரண்டு சிவப்புப் புழுவைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மண்ணுக்குள் புழை போடுவது சாம்பல் நிறப் புழுவான அபோரெக்டோடியா கலிஜினோசா போன்றவை. அவை பின்னால்தான் வரும்.

சிறிய வயல், சுற்றிலும் பழைய புல்வெளி என்றால் நான் காத்திருக்கவே சொல்வேன்.

புல்பாளம் பெயர்த்து வைப்பது

இந்த முறையை நன்றாகப் பழக்கியவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். ஒட்டாகோ பகுதிப் புல்வெளிகளில் ஐரோப்பியப் புல்லை விதைத்தார்கள், அந்தப் புல்லோடு பழகிய புழு அங்கே இல்லை. ஸ்டாக்டில் என்பவர் புழு மிகுந்த வயலிலிருந்து புல்லோடு சேர்த்து மண்பாளம் வெட்டி, புழு இல்லாத வயலில் 10 மீட்டருக்கு ஒன்றாக வைக்கும் முறையைப் பரப்பினார். ஹெக்டேருக்கு 100 பாளம். ஒவ்வொன்றும் ஒரு குடியிருப்பு. அதில் வளர்ந்த புழு, குஞ்சு, முட்டைக்கூடு எல்லாம் பழகிய மண்ணோடு சேர்ந்தே வருகின்றன. சில ஆண்டுகளில் வட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். அங்கே புழு பரவிய இடத்தில் புல் பச்சையாக ஒரு வட்டம் போலத் தனித்துத் தெரிந்தது.

வெறும் புழுவை விடுவதை விட இது மேல் என்று நான் நினைக்கக் காரணம் அந்த முட்டைக்கூடுகள். வறட்சியோ வெள்ளமோ வந்து வளர்ந்த புழு செத்தாலும், எலுமிச்சை வடிவத்தில் சிறிதாக இருக்கும் அந்தக் கூடுகள் தாங்கி நிற்கும். மண்ணும் கூடவே வருவதால், பி.எச். திடீரென மாறும் அதிர்ச்சியும் இல்லை. புழு தன் பாளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்ப் பார்த்து, பிடித்தால் தங்கும்.

ஆனால் அயர்லாந்தில் இதற்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பாளமும் பெயர்க்கக் கூடாது. நியூசிலாந்துத் தட்டைப்புழு என்று ஒன்று, 1963-இல் பெல்ஃபாஸ்ட்டில் முதன்முதலாகப் பதிவானது. மேலே ஊதா கலந்த பழுப்பு, விளிம்பும் அடியும் வெளிறிய மஞ்சள், இரு முனையும் கூர், தொட்டால் கொழகொழ. ஓய்வில் சுருண்டு கிடக்கும், விரிந்தால் ஒரு சாண் நீளம்கூட வரும். அதன் உணவு மண்புழு மட்டுமே. புழுவைச் சுற்றிக்கொண்டு, செரிமான நீரை விட்டுக் கரைத்து உறிஞ்சிவிடும். வட அயர்லாந்தில் மர்ச்சியும் கோர்டனும் செய்து 2013-இல் வெளியிட்ட வயல் ஆய்வில், இது இருக்கும் நிலத்தில் மண்புழுவின் மொத்த எடை சுமார் 20 சதவீதம் குறையும் என்று கணித்தார்கள். அதிலும் அதிகம் அடிபடுவது ஆழத் துளைக்கும் பெரிய இனங்கள். நாம் எதற்காகப் பாளம் பெயர்க்கிறோமோ அவைதான்.

தட்டைப்புழுவும் அதன் கருத்த, பளபளப்பான முட்டைக்கூடும் பாளத்தோடு சேர்ந்து வந்துவிடும். ஆகவே பாளம் எடுக்கப்போகும் வயலில் சில வாரங்களுக்கு முன்பே கறுப்பு பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டு மேலே கல்லை வையுங்கள். பகலில் தட்டைப்புழு ஈரமான மறைவைத் தேடி அதற்கடியில் வந்து ஒண்டும். பலமுறை தூக்கிப் பாருங்கள். ஒன்றே ஒன்று தென்பட்டாலும் அந்த வயலை விட்டுவிடுங்கள். தன் பண்ணைக்குள்ளேயே ஒரு வயலிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதுதான் பாதுகாப்பு. தூர ஊரிலிருந்து பாளம் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பிடித்து விடுவதும் பையில் வளர்ப்பதும்

கடுகுத்தூளை நீரில் கரைத்து ஊற்றினால் எரிச்சல் தாங்காமல் புழு மேலே வரும். அதைப் பொறுக்கி, கழுவி, வேறு வயலில் விடலாம். தட்டைப்புழு கூட வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விடலாம் என்பது இதன் பலம். அயர்லாந்தில் கரியும் பாயிலும் திருத்திய பீட் புல்வெளியில் புழுவை அறிமுகம் செய்து 1987-இல் வெளியிட்ட ஆய்வில், புழு நிலைத்ததும் புல் விளைச்சல் கூடியதும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே இது நடக்காத காரியம் அல்ல. ஆனால் ஆய்வுத் திட்டுக்குச் சரி, ஹெக்டேர் கணக்கில் ஆள்கூலி கட்டாது. வெயிலில் விட்டால் பாதி செத்துவிடும், மீதியைப் பறவை கொத்திவிடும்.

பை முறை இங்கிலாந்தில் 1990-களில் கெவின் பட்டும் சக ஆய்வாளர்களும் உருவாக்கியது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பையில் மண்ணும் தீனியும் வைத்து, சில இனப்பெருக்கப் புழுக்களை விட்டு, சில மாதம் கொட்டகையில் வளர்க்கிறார்கள். பையில் குஞ்சும் முட்டைக்கூடும் நிறைந்தபின் பையை உரித்து, உள்ளே இருப்பதை அப்படியே குழியில் இறக்குகிறார்கள். பாளத்தின் நன்மை அத்தனையும் இதில் உண்டு, தட்டைப்புழு ஆபத்து ஏறக்குறைய இல்லை, எந்த இனம் வேண்டும் என்றும் தேர்ந்துகொள்ளலாம். செலவும் உழைப்பும்தான் அதிகம். குப்பைக் கிடங்கை மூடி மண் போட்ட இடங்களுக்காக வந்த முறை இது. பெல்ஃபாஸ்ட்டைச் சுற்றி, தட்டைப்புழு பரவிய பகுதியில் இருப்பவருக்கு இதுவே சரி.

நம்மூர் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். மண்புழு உரத் தொட்டியிலிருந்து நாலு கூடை அள்ளிக் கொண்டுபோய் விட்டால் ஆகாதா? ஆகாது. தொட்டியில் இருக்கும் ஐசீனியா ஃபெட்டிடா, யூட்ரிலஸ் யூஜினியே, பெரியோனிக்ஸ் எல்லாம் சாணியிலும் குப்பையிலும் வாழ்பவை, மண்ணைத் துளைத்து வாழ்பவை அல்ல. சாணி தீர்ந்ததும் அவை வயலில் தங்காது. யூட்ரிலஸ் ஆப்பிரிக்க வெப்பத்துக்கு உரியது, அயர்லாந்தின் குளிரைத் தாங்காது. இது நம் வயலுக்கும் பொருந்தும்: தொட்டியிலிருந்து வயலுக்குப் போக வேண்டியது உரம்தான்.

ஆகவே எதை, எங்கே

பீட் ஒரு மீட்டருக்கு மேல், பம்பு ஓடினால்தான் வடியும் என்றால் புழுவைப் பற்றி நினைக்க வேண்டாம், நீரை ஏற்றுவதைப் பற்றிப் பேசுங்கள். மெல்லிய பீட், சுற்றிலும் நல்ல புல்வெளி, வயல் சிறியது என்றால் சுண்ணாம்பு இட்டு, மாடு மேயவிட்டுக் காத்திருங்கள். மெல்லிய பீட், ஆனால் வயல் பெரியது அல்லது தனித்துக் கிடக்கிறது, உங்களிடமே தட்டைப்புழு இல்லாத பழைய வயல் ஒன்று உண்டு என்றால் புல்பாளம். நான் இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலான பண்ணைகளுக்குச் சொல்வேன். முழு வயலுக்கும் ஒரே தடவையில் செய்ய வேண்டாம். முதலாண்டு ஓர் ஓரத்தில் பத்துப் பாளம், மண் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும் செப்டம்பர், அக்டோபரில்.

இரண்டு ஆண்டு கழித்து அதே பருவத்தில் ஒரு பாளத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி, 25 சென்டிமீட்டருக்கு 25, ஆழம் 20 என்று ஒரு குழி தோண்டி, மண்ணைத் தாளில் கொட்டிக் கையால் உதிர்த்துப் புழுவை எண்ணுங்கள். 16-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை என்று வரும். அங்கே நல்ல பழைய புல்வெளியில் இது சில நூறு இருக்கும். முதல் முறை சதுர மீட்டருக்குச் சில பத்து வந்தாலே நல்ல அறிகுறி. எண்ணிக்கையை விட முக்கியம், அவற்றில் குஞ்சு இருக்கிறதா என்பது. கழுத்துப் பட்டை இல்லாத சிறு புழுக்கள் இருந்தால் அவை அங்கேயே பொரிந்தவையாக இருக்கலாம், மீதிப் பாளங்களையும் வைக்கலாம். பட்டையோடு வளர்ந்தவை ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் புழுவை மேலும் கொண்டுவராதீர்கள். முதலில் பி.எச். பாருங்கள், அப்புறம் குளிர்கால நீர்மட்டம்.